பதினேழு பல்லும் என் எடையும்

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒரே சொந்தக்காரரான டிலானி அப்பாவுக்கு,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிள்ளையைப் போல வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளின் செயினுக்கு ஒரு வருஷமாகத் தேங்காய் எண்ணெய் பூசி வந்தேன். தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், செயினுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று நினைத்துவிட்டேன். டிசம்பர் குளிரில் அது மெழுகாக உறைந்தது. அதில் புழுதி ஒட்டியது. பிறகு எறும்பு வரிசை கட்டியது. நான் எறும்புப் பொடியும் தூவினேன்.

உங்கள் மகள் லைசன்ஸ் எடுத்துவிட்டாள் தெரியுமா? பேராதனையில் லாப் வேலைக்கு அந்த வண்டியில்தான் போகிறாள். போன மாதம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் செயின் கழன்று வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் அவளிடம் சொன்னதை ஒரு ஆசிரியை எழுதக் கூடாது. அவள் திருப்பிச் சொன்னதை ஒரு தாய் எழுதக் கூடாது.

உங்கள் பழைய மெக்கானிக், மடவளை ரஷீத் நானாவின் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் பின் சக்கரத்துச் செயினை ஒரு விரலால் இழுத்தார். ஸ்ப்ரொக்கெட் என்ற பல்சக்கரத்தின் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய இடம் இருந்தது.

"டீச்சர், செயின் நல்லா இழுபட்டீக்கி. பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளஞ்சி போய்த்து. செயின், முன் ஸ்ப்ரொக்கெட், பின் ஸ்ப்ரொக்கெட், மூணையும் ஒண்டா மாத்தோணும். புதுச் செயின பழைய பல்லுல போட்டா அதையும் தின்டுடும்." பிறகு விரலை முகர்ந்து பார்த்தார். "என்னத்த பூசினீங்க? பசிக்குதே!"

டவுனில் ஒரு கடைக்காரர் இந்தக் காலத்து வண்டியின் செட் ஒன்றை நீட்டி, "இதுவும் அதுவும் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் பையைத் திறந்துவிட்டேன், உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. டிலானி பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த பழைய செயினை மேசையில் வைத்தாள். இரண்டிலும் குத்தியிருந்த நம்பரைக் காட்டினாள்.

"ஒண்ணுதான்னா நம்பர் ஏன் வேற அண்ணே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பெருமையில் எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. மூன்றாவது கடையில் சரியான செயின் கிடைத்தது, பின் ஸ்ப்ரொக்கெட்டும் கிடைத்தது. முன்னதுக்கு எத்தனை பல் என்று கேட்டார்கள். கழற்றி எடுத்து வந்திருந்த பழையதை எண்ணினாள், பதினேழு. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், அலுமாரியில் உங்கள் கல்யாணக் கோட்டுக்கு அடியில் இருந்த வண்டிப் புத்தகம் பதினைந்து என்றது.

திரும்பவும் மடவளைக்குப் போய் நானாவிடம் கேட்டோம். அவர் ஒரு துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"அது... அண்ணன்தான் பதினேழு போடச் சென்னாரு. குருநாகல் ரோட்டுல கூட்டாளியோட வண்டிப் பந்தயம். முன் பல்லு கூடினா மட்டமான ரோட்டுல பறக்கும். ஆனா மேட்டுல இழுவ கொறயும். பந்தயம் முடிஞ்சதும் மாத்துறன் எண்டாரு, மாத்தல்ல. டீச்சர்ட்ட மட்டும் செல்ல வாணாம் எண்டாரு."

டிலானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது.

கலஹா தோட்டத்து மாதா கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் போவோமே. கோயிலுக்குக் கீழே கடைசி மேட்டு வளைவில் வண்டி மூச்சு வாங்கும். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் எறங்கி நடந்து வாம்மா, வண்டிக்குப் பாரம் தாங்கல" என்பீர்கள். பதினெட்டு வருஷம்! பட்டுச்சேலையோடு, குதி உயர்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். சோற்றை விட்டேன், வெறும் வயிற்றில் புளிக்கப் புளிக்கத் தேசிக்காய்த் தண்ணீர் குடித்தேன். உங்கள் தங்கை வருஷம் தவறாமல், "அண்ணி இந்த வருஷமும் நடைதானா?" என்று ஊர் கேட்கக் கேட்பாள். பாரம் நான் இல்லை, உங்கள் பதினேழு பல் என்று ஒரு தடவையாவது சொல்லத் தோன்றவில்லையா? இல்லை, நான் மூச்சிரைக்க ஏறி வருவதை மேலே நின்று பார்க்க உங்களுக்குப் பிடித்திருந்ததா?

நானா சமாதானம் பேசினார். "பதினாறு போடுவோம் டீச்சர். அண்ணனுக்கும் மனவருத்தம் வராது, ஒங்களுக்கும் வராது."

"பதினஞ்சு" என்றேன்.

"மட்டமான ரோட்டுல ஓட்டம் கொறயும்."

"ஓடுறவரு ஓடிட்டாரு நானா. இருக்குறவங்க ஏறணும்."

அவர் பதினைந்தைப் போட்டார். செயினில் கூடுதலாக இருந்த கண்ணிகளை வெட்டினார். எவ்வளவு தளர்வு இருக்க வேண்டும், எந்த எண்ணெய் போட வேண்டும் என்று டிலானிக்குக் காட்டினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இந்த வருஷத் திருநாள் போன ஞாயிறு. டிலானி ஓட்டினாள், நான் பின்னால். பிள்ளைக்கு உங்கள் உடம்புவாகு. உங்களைவிட இரண்டு கிலோ கூட என்று அவளே சொல்வாள், அதனால் நீங்கள் சாக்குச் சொல்ல வழியில்லை. கடைசி வளைவு வந்தது. பழக்க தோஷத்தில் என் கால் தானாக இறங்கப் பார்த்தது.

"பேசாம ஒக்காருங்கம்மா!" என்றாள்.

வண்டி உறுமியது. செயின் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. நான் ஒரு கையால் அவள் இடுப்பையும் மறு கையால் மாதாவையும் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது கோயில் வாசல். உங்கள் தங்கை வாயைப் பிளந்து நின்றாள். "என்ன அண்ணி, எறங்கவே இல்லியா?"

"எதுக்கு எறங்கணும்? பாரம் நான் இல்லன்னு கண்டுபிடிச்சாச்சு" என்றேன். பூசைக்குமுன் நாலு பேரிடமும் பூசைக்குப்பின் மிச்சப் பேரிடமும் உங்கள் பந்தயக் கதையைச் சொல்லி முடித்தேன். சாமியார்கூடச் சிரித்தார். உங்கள் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த கையோடுதான் இத்தனையும் செய்தேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் வளர்ந்துவிட்டாள். யார் "ஒண்ணுதான்" என்றாலும் நம்பர் பார்த்துத்தான் எடுப்பாள். அவளுக்கும் அவளை நம்பிப் பின்னால் ஏறிய எனக்கும் சேர்த்துப் பெருமைப்படுங்கள். ஒவ்வொரு திருநாளுக்கும் வருவோம், வாசல்வரை உட்கார்ந்தே வருவேன். இது சத்தியம்.

எந்த வளைவிலும் இறங்காத உங்கள் மனைவி,
டிலானி அம்மா

பி.கு: கிளினிக் அட்டையைப் பார்த்தேன். நீங்கள் போனதிலிருந்து நான் பதினான்கு கிலோ குறைந்திருக்கிறேன். வண்டி ஏறியது பதினைந்து பல்லாலா, இதனாலா என்று உங்கள் தங்கை கேட்காதவரை நல்லது.