தட்டில் திருப்பி வைத்த சங்கு

பிப்ரவரி 8, 2025, சனி

இன்று வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடம். நாற்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். குற்றாலத்துக் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து, தலையை எண்ணி ஒப்படைத்தேன். தொண்டை கட்டிவிட்டது. தொடாதே, கத்தாதே, குரங்குக்குப் போடாதே, கவரைக் கீழே போடாதே. நான் காட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். அருவியில் தண்ணீர் நூலாட்டம் விழுகிறது. இதுக்கா சார் வந்தோம் என்று ஒருத்தி கேட்டாள். சீசனில் வா என்றேன்.

மெஸ்ஸில் நல்லக்கண்ணு வழக்கம்போல “ஒத்தையிலயா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு இலையைப் போட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம். வனவராகப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீதேவி பாம்பன் பக்கத்துத் தீவுக்குப் போய்ப் பதினான்கு மாதம். நான் இன்னும் வனக்காப்பாளர்தான். வீட்டுக்காரியே மேலதிகாரி என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மேலதிகாரி பக்கத்தில் இருந்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிப்ரவரி 12

ஸ்ரீதேவி போன் எடுக்கவில்லை. தீவில் சிக்னல் இல்லை என்பாள். எனக்குத் தெரிந்து கடலில் மரமும் இல்லை, மலையும் இல்லை. சிக்னலை எது மறைக்கிறதாம்?

மார்ச் 2, ஞாயிறு

வடகரைக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். சோறு போட்டுக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள். அங்கன கடலையும் மணலையும் காட்டுத உத்தியோகம் என்ன உத்தியோகம், இங்கன இல்லாத காடா, மலையா? நியாயம்தானே. மணலில் காட்ட என்னதான் இருக்கிறது? முதல் மாதம் படகில் ஏறியதும் வாந்தி எடுத்தவள் ஸ்ரீதேவி. நீந்தவும் தெரியாது. போனில் அழுதாள். “ஒரு வருஷம் பொறுங்க, மாறுதல் எழுதிக் குடுத்துருதேன்” என்று அவளேதான் சொன்னாள். வருஷம் முடிந்துவிட்டது. கேட்டால், எழுதணும், எழுதுதேன்.

தென்காசியில் வனவர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. கணவன் மனைவி ஒரே இடத்தில் என்று எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும். ஏப்ரல் நாலு கடைசித் தேதி.

மார்ச் 17

ஆபீஸ் கிளார்க் ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் சொல்லி விண்ணப்பத்தை ஸ்ரீதேவி பேரில் டைப் அடித்து வாங்கிவிட்டேன். அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை நேரில் போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. தீவைச் சுற்றிக் காட்டும் படகில் ஆன்லைனில் ஓர் இடம் போட்டுவிட்டேன். பேச்சிராஜ் என்று போட்டால் பிடித்துவிடுவாள் என்று பி. ராஜ் என்று போட்டேன். இந்த வயதில் இது தேவையா? தேவைதான்.

மார்ச் 22, சனி, பாம்பன் லாட்ஜ்

எழுத நிறைய இருக்கிறது. கை ஓடவில்லை.

படகுத்துறையில் பன்னிரண்டு பேர் நின்றோம். காக்கியில், தொப்பி போட்டு, கையில் லிஸ்ட்டோடு வந்தாள். கறுத்திருந்தாள். பேர் பேராக வாசித்து “பி. ராஜ்?” என்றாள். கையைத் தூக்கினேன். ஒரு நொடி பார்த்தாள். டிக் அடித்தாள். “லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டுங்க சார்” என்றாள். சார்! நாலு மாதம் கழித்துப் பார்க்கும் புருஷனுக்கு இதுதான் முதல் வார்த்தை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அதையும் பார்த்தேன்.

படகு ஆடியது. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். அவள் ஒன்றையும் பிடிக்காமல் நடுவில் நின்று பேசினாள். வாந்தி எடுத்தவளா இவள்?

தீவில் கடல் உள்வாங்கியிருந்தது. எல்லாரையும் கணுக்கால் தண்ணீரில் நிற்க வைத்தாள். ரெண்டு நிமிஷம் யாரும் காலை எடுக்காதீங்க, பேசாதீங்க, கீழ மட்டும் பாருங்க என்றாள். அவ்வளவுதான். தொடாதே கிடையாது, கத்தாதே கிடையாது. முதலில் வெறும் மணல்தான் தெரிந்தது. ‘நான் சொன்னேன்ல’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த மணல் அசைந்தது. கண்ணாடி மாதிரி ஒரு சின்ன இறால். என் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சங்கு எழுந்து நடந்தது, உள்ளே குடியிருக்கும் நண்டு கால்களை நீட்டி. நட்சத்திரமீன் ஒன்று இவ்வளவு நேரமும் என் எதிரிலேயே கிடந்திருக்கிறது. ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டார். பன்னிரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நான் பதினொரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம்.

நான் தண்ணீரைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். அப்படி ஒரு முகத்தைக் குற்றாலத்தில் நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. யார் மேல்? கடல் மேலா?

திரும்பும்போது வழியில் ஒரு காலிச் சங்கு கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட்டேன். அவள் மிதிக்கிற மணலிலிருந்து ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. வனத்துறைக்காரன் நான், சட்டம் தெரியாதவன் இல்லை. படகு ஏறும் முன் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தாள். எடுத்ததை எல்லாரும் இதில் வையுங்கள், பெயர் கேட்க மாட்டேன் என்றாள். பிள்ளைகள் வைத்தார்கள், வாய் பொத்திய பெரியவரும் வைத்தார். நான் வைக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

“சார், நீங்களும்.”

வைத்தேன். மூக்கு உடைபட்டதுபோல் இருந்தது. அவள் எல்லாருக்கும் சொன்னாள்: “காலியா கெடக்குன்னுதான் எடுக்கோம். நண்டு வளர வளர பழைய வீடு பத்தாது. பெரிய வீடு தேடி வரும். வந்து பாத்தா இருக்காது.”

துறையில் எல்லாரும் போன பிறகுதான் “என்னங்க, சாப்பிட்டீங்களா?” என்றாள். நான் கொண்டுபோன நேந்திரங்காய் சிப்ஸை நின்றபடியே தின்றாள். விண்ணப்பத்தை நீட்டினேன். சண்டை போடுவாள் என்று ஏழெட்டுப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

“நீங்க ஒத்தையில கெடந்து வாடுதது எனக்குத் தெரியாதா? எங்கன போடணும்?”

படிக்காமலே போட்டாள். பிறகு, குத்தாலத்தில் எனக்கு என்ன வேலை தருவாங்க என்று கேட்டாள். சீசன் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, ஆபீஸ் வேலை, வண்டிச் சோதனை என்றேன். “ம்” என்றாள். அடுத்த படகின் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 24

விண்ணப்பம் சட்டைப் பையில். கேட்டது கிடைத்துவிட்டது. ஏன் தூக்கம் வரவில்லை?

மார்ச் 29, சனி

செங்கோட்டைப் பள்ளிக்கூடம். ரெண்டு நிமிஷம் பேசாமல் நிற்போம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் குரங்கு வந்து ஒரு பையனின் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. ஒரே சிரிப்பு. ஆனால் அதற்கு முன்னால், அந்த ஒரு நிமிஷத்தில், மேலே மலையணில் கொட்டையைக் கொறிக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இத்தனை வருஷத்தில் நான் ஒருத்தருக்கும் அதைக் கேட்கவிட்டதில்லை.

அவளிடம் சொல்லணும்போல இருந்தது. உடனே. போனில் இல்லை, பக்கத்தில் இருந்து. எனக்கு அவ வேணும், அவ்வளவுதான். அவளுக்கு என்ன வேணும்னு நான் ஒரு தடவையாவது கேட்டேனா? கேக்கலை. பேப்பரைத்தான் நீட்டுனேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைசித் தேதி. விண்ணப்பத்தை ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“ஏலே, இது நான் அடிச்சது இல்லியே. பேரு மாறியிருக்கே?”

சரியாத்தான் இருக்கு, சீல் வையுங்க அண்ணாச்சி என்றேன்.

ஏப்ரல் 13

தீவுக்கு எழுதிக் கொடுத்ததை வியாழக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். பொண்டாட்டி பின்னால போறவன்னு ஊரு சொல்லும்லே என்றாள். ஊர் எனக்குச் சோறு போடவில்லை என்றேன். மூன்று நாளாக அம்மா பேசவில்லை.

மே 11, ஞாயிறு

அவளுக்கு இன்னும் தெரியாது. உத்தரவு வராமல் போய்விட்டால்? நாக்கு நுனி வரை வந்தது, இருந்தும் சொல்லவில்லை. அப்ளிகேஷன் என்னாச்சு என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். இன்றைக்கு ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விட்டோம், எழுபத்தொன்பது, என்று சொன்னாள். அடுத்த வருஷம் யார் விடுவார்களோ என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 18

உத்தரவு வந்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் இடையில் எழுதுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நேற்றும் வாந்தி. படகோட்டிகள் சிரித்தார்கள். ஸ்ரீதேவி சிரிக்காமல் எலுமிச்சம்பழம் தந்தாள். குவார்ட்டர்ஸ் ஒரே ஒரு அறை. எலி வளையானாலும் தனி வளை. வேலை நேரத்தில் நான் “மேடம்” என்கிறேன், அவள் “ராஜ்” என்கிறாள். ஆறு மணிக்கு மேல் என்னங்க.

பதினொரு மணிக்கு, தீவில் சிக்னல் கிடைக்கிற ஒரே மணல்மேட்டில் நின்றபோது அம்மா போன். ஏப்ரலுக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது இன்றுதான். ஒன்றும் சொல்லாமல் போனை வாசல் பக்கம் நீட்டியிருப்பாள் போல. ஓட்டில் சாரல் விழும் சத்தம்.

“கேக்குதாலே? ஒரு வாரமா நிக்கலை. அருவியில கூட்டமான கூட்டம்.”

கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, அழுகை வந்துவிட்டது. இந்த வாரம் அங்கே நின்றால் சட்டை காயாது. அந்த ஈரம் வேண்டும்போல இருந்தது. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீசன் முடியுறதுக்குள்ள ஒரு நாள் வந்து குளிச்சிட்டுப் போ என்றாள் அம்மா. வாரேன் என்றேன்.

“ஒத்தையிலயா?”

“இல்லம்மா. ரெண்டு பேரும் வாரோம்.”

அடுத்த படகு திரும்பும் நேரம். தட்டு இப்போது என் பொறுப்பு.