குழாய் வெடித்த பிறகு

கப்பலில் இருக்கும் என்னவருக்கு,

நாங்கள் இருவரும் நலம். எஞ்சின் அறையில் நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் நலமாக இருக்க வேண்டும். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாய்ப்பாடு ஒப்பித்தால் பாதி காற்றாகத்தான் வருகிறது.

போன மாதம் கடிதம் போடாததற்கு வேலை அதிகம் என்று போனில் சொன்னேன். பொய். கை நடுங்கியது. கோணல் எழுத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் இஸ்திரி மெஷினுக்குப் பின்னால் நீராவிக் குழாய் வெடித்துவிட்டது. பதறாதீர்கள், யாருக்கும் பெரிய காயமில்லை. குழாயை ஒட்டி ரேடியோ அக்கா நின்றிருந்தார். ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் சீருடைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேனாம், திரும்ப ஓடிப்போய் வால்வை மூடினேனாம். மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒரே வெள்ளைப் புகை. என் காலில் ஒரு வெட்டு. அரை மணி நேரம் வலிக்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்து ரேடியோ அக்காதான் அலறினார்.

அதோடு முடிந்திருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன். மறுவாரம் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சுதாரித்தபோது மேசைக்கு அடியில் கிடந்தேன். மகள் குனிந்து பார்த்து, "கண்ணாமூச்சியாம்மா? சொல்லிட்டு ஒளியக் கூடாதா?" என்றாள். ஆமாம் என்று சிரித்துவைத்தேன். அவள் நம்பவில்லை. குக்கர் வெயிட்டை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள்.

பிறகு தூக்கம் போயிற்று. காலையில் பஸ் நிறுத்தத்திலேயே வாந்தி வந்தது. மேற்பார்வையாளர், "முடியலைன்னா வீட்ல இருங்கம்மா" என்றார். ரேடியோ அக்காதான் மூன்றாவது மாடி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "ஆபத்துன்னா உடம்பு உங்ககிட்ட அனுமதி கேக்காது. இதயத்தை வேகமா அடிக்கவைக்கும், ரத்தத்தைக் கை காலுக்கு அனுப்பும், வலியை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிவைக்கும். அதனாலதான் இந்த அக்கா பிழைச்சாங்க. இப்போ ஆபத்து போயிடுச்சு. உடம்புக்கு அது இன்னும் தெரியல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்."

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

முதல் நாள் சலவைக்கூட வாசல் வரைதான் போனேன். அப்புறம் உள்ளே. அப்புறம் ஓடாத மெஷின் பக்கத்தில், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு. ரேடியோ அக்கா தினமும் பத்து நிமிடம் என் தோளில் கைவைத்து வாய் திறக்காமல் நின்றார். அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நேற்று புதுக் குழாயைத் திறந்தார்கள். புஸ்ஸென்று சத்தம். நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது. நான் நகரவில்லை. சற்று நேரத்தில் தானாக அடங்கியது. நாற்பது விரிப்புகள் இஸ்திரி போட்டேன்.

இதையெல்லாம் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்ற விடுமுறையில் கதவு படாரென்று அறைந்ததும் நீங்கள் தட்டை வீசினீர்கள். எங்கள் மேல் கோபம் என்று நினைத்து மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். நீங்கள் வருவதற்கு முன் கப்பலில் பிடித்த தீயைப் பற்றிக் கேட்டபோது, "அதான் அணைச்சாச்சே, விடு" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. என்னை மன்னியுங்கள்.

தீப்பிடித்த அன்று என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒரு வரியானாலும் போதும். அடுத்த துறைமுகத்தில் ஒரு டாக்டரையும் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, நான் போய்விட்டு வந்தவள் சொல்கிறேன்.

எந்தக் கடலில் இருந்தாலும் நீங்கள் அயர்ந்து தூங்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியாதவள் வேறென்ன வேண்டிக்கொள்வேன்.

என்றும் உங்கள்,
மனைவி