திரேசா கொண்டுவந்த பெற்றோல்

யட்டியாந்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் வலி. ஜோர்தான் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று நடுநடுவே வாயைப் போடுவாள், அதோடு இதைச் சொல்லும்போது என் முகத்தை நீ பார்க்கவேண்டாம் என்றும் இருக்கிறது. பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் புவாட் நானாவின் மகன் இல்ஹாம் அந்தப் பக்கம் வருகிறானாம், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

டெனிஸ் விஷயம்தான். பக்கத்துக் காம்பரா வீட்டுத் திரேசாவின் பிள்ளை என் பெற்றோலைக் களவெடுக்கிறான் என்று போன மாதம் நான் சொன்னபோது, அவன் அப்படிச் செய்யமாட்டான்பா, சும்மா வாய விடாதீங்க என்றாய். நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. பழைய இறப்பர் மரம் வெட்டும் கொந்தராத்தில் நான் செயின்சோ பிடிக்க மரம் சாயவேண்டிய பக்கத்துக்கு அவன்தானே கயிறு இழுப்பான். சாயந்திரம் மெசின் டேங்கை நிரப்பி, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான விறகுக் கொட்டிலில் வைப்பேன், காலையில் பாதிதான் இருக்கும். அவனிடம் பைக் இருக்கிறது, வேறு யார் எடுப்பார் என்று நினைத்துவிட்டேன். மெசினுக்கென்று ஓயில் கலந்த பெற்றோலைப் போட்டால் அந்த பைக் புகை தள்ளும் என்பதுகூட என் மரமண்டைக்கு எட்டவில்லை. நினைத்ததோடு நின்றேனா, இறப்பர் பால் நிறுக்கும் மடுவக் கொட்டகையில் அத்தனை பேர் முன்னாலும், கூட இருந்துக்கிட்டே களவெடுக்கிறியாடா என்று கேட்டுவிட்டேன். அவன் அன்றைக்கே ரம்புக்கனையில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் திரேசா ஒரு போத்தல் பெற்றோல் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அண்ணே, பையன் எடுத்திருந்தா இதோட விட்டுருங்க, இனி தோட்டத்துல பேச வேணாம் என்றாள். குற்றம் இல்லாமலா கொண்டுவருகிறாள் என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன் கண்ணு. அந்தப் பெற்றோலில் ஓயில் கலந்து கூசாமல் டேங்கில் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் அதுவும் பாதிக்கு இறங்கிக் கிடக்கிறது. டெனிஸோ ரம்புக்கனையில்.  மெசினைத் துடைத்துப் பார்த்தேன், டேங்கில் கைப்பிடிக்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு. நிமிர்த்தி வைத்தால் சொட்டாது, கொட்டிலில் இடமில்லாமல் படுக்கப்போட்டால்தான் கசியும், வெடிப்பு மட்டத்துக்கு இறங்கியதும் நின்றுவிடும். அதனால்தான் யாரோ அளந்து எடுத்தது போல் குறைந்திருக்கிறது. கீழே சாக்கு ஈரமாகத்தான் இருந்தது, சங்கிலி ஓயில் வடிக்காத மெசின் ஏது என்று நான் குனிந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா அடுப்பெரிக்கும் சுவருக்குப் பின்னாலேயே அவ்வளவும் ஊறிக் கிடந்திருக்கிறது, ஒரு பொறி பட்டிருந்தால் லயத்து வீடுகள் அத்தனையும் எரிந்திருக்கும்.

வெடிப்பை எப்படி அடைப்பது என்று புவாட் நானாவிடம் கேட்டேன், சவுக்காரக் கட்டி தேச்சா ரெண்டு நாளைக்குத்தான் நிக்கும் என்றார். டேங்கைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, சேண்ட் பேப்பரால் சுரண்டி, அவர் கொடுத்த இரண்டு டியூப் பசையை ஒன்றாகக் குழைத்து வெடிப்பில் பூசி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். பிறகு நிரப்பி, பேப்பர் விரித்து அதன்மேல் படுக்கப்போட்டேன். ஒரு சொட்டு இல்லை. சந்தோசப்படவேண்டிய விஷயம், எனக்கோ அழுகை வந்துவிட்டது.

திரேசாவிடம் போய், தப்பு என்மேலதான் தங்கச்சி என்றேன். அவள் அடுப்படியை விட்டு எழும்பவில்லை. வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்க அண்ணே, அன்னைக்கு மடுவத்துலதானே சொன்னீங்க என்றாள். சுருக்கென்று இருந்தது. நேற்று டெனிஸ் வந்திருந்தான். அவனும் நிற்கையில் மடுவத்தில் எல்லாருக்கும் கேட்க, இவன் எடுக்கல, டேங்க்தான் ஒழுகிச்சு, நான் சொன்னது பொய் என்றேன்.  சிலபேர் சிரித்தார்கள். டெனிஸ், மெசின் நல்லாயிருச்சா மாமா என்று கேட்டான். நல்லாயிருச்சுடா, நாளன்னைக்கு வேலைக்கு வா என்றேன். இல்ல மாமா, அடுத்த தடவை என்ன கொறஞ்சாலும் என்னத்தான் பாப்பீங்க என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அப்படிப் பார்க்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கயிறு பிடிக்க வேறு ஆள் கேட்டேன், ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். மரத்துக்கா பயப்படுகிறார்கள், என் வாய்க்குத்தான்.

வேளைக்குச் சாப்பிடு, அறைக் கதவைப் பூட்டி ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்காதே. முருகன் துணையால் உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவை மன்னித்துவிடு என்று டெனிஸுக்குப் போன் எடுத்துவிடாதே. நீ கேட்டால் அவன் சரி என்று சொல்லிவிடுவான். அப்படி எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் உன் அப்பா,
இராமசாமி