ஸ்லெட்டில் எனக்கு மேலே இருந்த சரவணனுக்கு

அன்பு மச்சான் சரவணா,

"எப்படி இருக்கிறாய்?" என்று ஆரம்பித்தால் அங்கிருந்தே சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஜனவரியில் நான் மறுபடியும் பனிப்பாதையில் இறங்கப்போகிறேன். இன்னொருவனோடு.

அப்பாடா, எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்வது இவ்வளவு சுலபம். உன் அம்மாவிடம் சொல்வதற்குத்தான் ஒரு மாதமாக உங்கள் வீட்டு வாசல்வரை காரை ஓட்டிக்கொண்டு போய்ப் போய்த் திரும்பி வந்தேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நாம் ஆடியது இரட்டையர் லூஜ். ஸ்லெட் என்னும் சின்னப் பனிச்சறுக்கு வண்டி ஒன்றில் இரண்டு பேர் கால்களை முன்னே நீட்டி, ஒருவன்மேல் ஒருவனாக மல்லாந்து படுத்து, உறைந்த வளைவுப் பாதையில் சறுக்கி இறங்கும் பந்தயம். மேலே இருப்பவன் பாதையைப் பார்ப்பான். கீழே இருப்பவனுக்கு அனேகமாக ஒன்றும் தெரியாது. மேலே இருப்பவனின் தோள் எந்தப் பக்கம் அழுந்துகிறதோ, அதைப் புரிந்துகொண்டு தானும் அழுத்துவான்.

நம் ஊர் வெஸ்ட் வின்ட்சரில் தமிழர் வீட்டு விருந்துகளில் இதை விளக்கி விளக்கி நமக்கு வாய் வலித்தது ஞாபகம் இருக்கிறதா? "பிரேக் எங்கப்பா இருக்கு?" என்பார் ஒரு அங்கிள். "பிரேக் இல்ல அங்கிள்" என்றால் அவர் கையிலிருந்த தட்டை வைத்துவிடுவார். பக்கத்திலிருப்பவருக்கு வேறு கவலை. "இத காலேஜ் அப்ளிகேஷன்ல போடலாமா?"

2001 கோடையில், சக்கரம் வைத்த ஸ்லெட்டை ஒரு சரிவான தெருவில் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரோ கூப்பிட, சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நாம். இருவரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்து, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்தச் செப்டம்பர் வந்தது. "வடக்கே அந்த மலை ஊருக்கெல்லாம் அன்வரை அனுப்ப மாட்டேன், இப்ப நம்ம பேரைச் சொல்லிக்கிட்டு வெளிய போற நேரமா?" என்றார் வாப்பா. உம்மா அழுதார். அப்போது உன் அம்மாதான் எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். "என் பையன் பக்கத்துலதான் உங்க பையன் உக்காருவான். நானே டிரைவ் பண்றேன். யாராவது ஏதாவது கேட்டா ரெண்டும் என் பிள்ளைங்கன்னு சொல்லிக்கிறேன்."

வாப்பா அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். அத்தனை குளிர்காலமும் உன் அம்மா, என் கமலா ஆன்ட்டிதான் காரை ஓட்டினார். சேலைக்குமேல் உன் அப்பாவின் தடித்த பார்க்கா கோட்டை மாட்டிக்கொண்டு, பாதை முடியும் இடத்தில் நடுங்கியபடி நிற்பார். நமக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது நினைத்தால் அந்தக் கூச்சத்தின்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் நான் மேலே, நீ கீழே. நோன்பு வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அந்த வருடங்களில் ரமலான் சரியாக நம் பயிற்சிக் காலத்தில் வந்து விழும். பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டென்று வாப்பாவே சொல்லியும் நான் நோன்பை விடவில்லை. எனக்கு எடை இறங்கியது. லூஜில் எடை குறைந்தால் வேகம் குறையும். கோச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உன் அம்மா வைக்கவில்லை. அவருக்கு அது சின்னக் கணக்கு. "ரெண்டு பேரும் சேந்துதானே போறீங்க? அவன் குறைஞ்சா நீ ஏத்துடா!" என்று உனக்கு நெய் விட்ட பொங்கலும் அடையுமாகப் போட ஆரம்பித்தார். நீயாவது வேண்டாம் என்றிருக்கலாம். நண்பனுக்காகச் செய்யும் தியாகம் என்று சொல்லிக்கொண்டு வளைத்து வளைத்துச் சாப்பிட்டாய். பெருநாள் வருவதற்குள் உனக்குத் தொப்பை வந்துவிட்டது. அதன்மேல் நான் படுத்தால் காற்று முழுவதும் என் நெஞ்சில்தான் அடிக்கும். நேரம் குறைவதற்குப் பதில் கூடியது. கோச் நம்மைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இருவரையும் இடம் மாற்றிப் படுக்கவைத்தார்.

கனமானவன்தான் மேலே இருக்கவேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியாமலா இருக்கும்? கீழே போக எனக்குப் பயம் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்காமல் விட்டிருப்பார். முதல் தடவை கீழே படுத்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் ஹெல்மெட்டின் பின்பக்கமும் ஓரத்தில் ஒரு துண்டு வானமும்தான். "பயந்தா கண்ண மூடிக்கோ மச்சான், கீழ இருக்கறவனுக்கு எப்படியும் ஷோ இல்ல" என்றாய். கெட்ட வார்த்தையில் திட்டினேன். இறங்கி முடிக்கும்போது, இனி இதுதான் என் இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு நடந்ததை ஊரே அறியும். ஜூனியர் பட்டம், ஐரோப்பியப் பாதைகள், உன் மணிக்கட்டு முறிவு, எல்லாம் தாண்டி தேசிய சாம்பியன் பட்டம். நம் பெயர்களை உச்சரிக்க முடியாமல் ஒலிபெருக்கிக்காரர் தவித்ததைக் கேட்டு மேடையிலேயே சிரித்தோமே, அந்தப் படம் உங்கள் வீட்டு வரவேற்பறையில் இன்னும் இருக்கிறது. பதக்கத்தைவிடச் சிரிப்புத்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது.

நீ பனியில் போகவில்லை. அத்தனை வளைவுகளும் ஒன்றும் செய்யாத உன் உயிரை ஒரு மூளைக்காய்ச்சல் சில நாட்களில் கொண்டுபோனது. இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? போன சீசன் முழுவதும் நான் ஸ்லெட்டைத் தொடவில்லை. தூங்கும்போதுகூட உன் தோள் அழுந்துவதுபோல் இருக்கும், பழக்கத்தில் நானும் அழுத்துவேன்.

நான் சொன்ன அந்த இன்னொருவன் பெயர் ஜோஷ். வெர்மான்ட் மாநிலத்துக்காரன். நல்லவன், கொஞ்சம் அதிகம் பேசுகிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவழியாக உங்கள் வீட்டுக்குள் போனேன். ஆன்ட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, கோச் எனக்கு வேற ஒரு பையனை ஜோடியா போட்டிருக்கார். ஜனவரில ரேஸ்."

கத்தி நின்றது. "மேல யாரு?"

"அவன்தான்."

"சரவணன் எடத்துல."

"ஆமா ஆன்ட்டி."

"வேணாம்டா."

"பயப்படாதீங்க ஆன்ட்டி. சரவணனை ஐஸ் ஒண்ணும் பண்ணலையே."

"பயம் இல்லடா. நீ சும்மா இருக்கற வரைக்கும், அவன் எங்கயோ கேம்ப் போயிருக்கான், நீ அவனுக்காக வெயிட் பண்றேன்னு நெனச்சுக்கலாம். நீ இன்னொருத்தன்கூட எறங்கிட்டா அவன் இல்லேன்னு ஆயிடும்."

நான் வாசலிலிருந்து திரும்பிப் போனதற்கும் இதேதான் காரணம் என்பது அவர் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. "சரி ஆன்ட்டி, போகல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அழுதோம். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார், சாப்பிட்டேன்.

கோச்சிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஆன்ட்டியே போன் செய்தார். ஹலோ கூட இல்லை.

"அந்த ஜோஷோட அம்மா ரேஸுக்கு வருவாளா?"

"வருவாங்கன்னுதான் சொன்னான் ஆன்ட்டி. அவன் டபுள்ஸ்ல எறங்கறதே இதுதான் முதல் தடவை."

"கூட யாரு வருவா?"

"யாரும் இல்ல. தனியாதான் அவனை வளர்த்தாங்களாம்."

அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மேல இருந்து கெளம்பிட்டாங்கன்னு ஸ்பீக்கர்ல சொல்லுவான். அப்புறம் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் அங்க நிக்கறது இருக்கே, அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாதுடா. எனக்குத்தான் தெரியும். அவ தனியா நிக்கக் கூடாது. நான் வந்து பக்கத்துல நிக்கறேன். நீ அந்தப் பையன்கூட எறங்கு."

இதுதான் நான் உன்னிடம் சொல்லவந்த செய்தி, சரவணா. உன் அம்மா இப்படிப்பட்டவர் என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஸ்லெட் நின்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது நேரப் பலகையைத்தான். நாமும் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. ஜனவரியில் நான் பலகையைப் பார்க்க மாட்டேன். எழுந்ததும் நேராக உன் அம்மா நிற்கும் இடத்துக்குப் போவேன். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்த,
உன் மச்சான்
அன்வர்