ரெம்பாவ் சாலையில் ஓர் உக்ரைன் சண்டை

சிவப்பு ஐசி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்த என் அன்பு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அங்கே உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. இங்கேதான் உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போயிருக்கிறது. இதைச் சொல்லி அழவும், அப்படியே உங்களைக் கொஞ்சம் திட்டவும் உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் போன பிறகு ஒரு போர் தொடங்கியது. ரஷ்யா பக்கத்து நாடான உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தது. சீக்கிரமே முடிந்துவிடும் என்றார்கள், வருஷக்கணக்காக இழுக்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கின்றன. அதற்கும் நம் தம்பின் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? உங்கள் மூத்த மகன் மணியம் லாரி ஓட்டும் நேரம் போக மீதி நேரமெல்லாம் ரஷ்யாவுக்கு வக்கீல். நான் செண்டாயான் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் உக்ரைனுக்கு வக்கீல். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும் அப்பா. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று தெரியாது.

உங்களிடம் சொல்ல ஒரு செய்தி. நீங்கள் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்த தோட்டத்தில் இப்போது செம்பனை மரங்களுக்கு மேலே டிரோன் பறந்து மருந்து தெளிக்கிறது. ஓர் ஆள் நிழலில் நின்றபடி கையில் ஒரு பெட்டியை வைத்து அதை ஓட்டுகிறான். அங்கே அதே மாதிரி ஒன்றில் குண்டைக் கட்டி அடுக்கு மாடி வீட்டின் சன்னலில் மோதவிடுகிறார்கள். அண்ணன் அந்த வீடியோவைப் பார்த்து, “என்னா டெக்னாலஜி பாத்தியா!” என்று நாக்கைச் சப்புக் கொட்டுகிறான். அந்தச் சன்னலுக்குப் பின்னால் யாரோ துணி மடித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாதா?

இதில் பெரிய கொடுமை, இரண்டு பேரும் உங்களைத்தான் சாட்சிக்கு இழுக்கிறோம். லயத்துக்குப் பின்னால் நீங்கள் போட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டியது நினைவிருக்கிறதா? துப்பாக்கி கேட்டு நீங்கள் மேனேஜரிடம் நடையாய் நடந்தீர்கள். பாதி மரவள்ளி போன பிறகு காவற்காரரிடம் துப்பாக்கியையும் இரண்டே தோட்டாவையும் கொடுத்து அனுப்பினார். அதிலும் ஒரு நிபந்தனை, தோட்டத்து எல்லையில் ஓடும் பாரிட்டை, அந்த வாய்க்காலை, தாண்டிச் சுடக் கூடாது. “பன்னி பாரிட்டுக்கு அந்தப் பக்கம்தானே படுத்துக் கெடக்கு? இந்தப் பக்கம் வந்து படுன்னு நான் போய்ச் சொல்லவா?” என்று நீங்கள் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது.

நான் சொல்கிறேன், உக்ரைனுக்கும் இதேதான் நடந்தது என்று. கேட்டது ஒன்று, கொடுத்தது தாமதமாகக் கொஞ்சம், அதையும் எல்லை தாண்டிச் சுடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டே கொடுத்தார்கள். அண்ணன் அதே கதையைத் திருப்பிப் போடுகிறான். “துப்பாக்கி வந்த பெறகுதான் பன்னிக்கு வெறி புடிச்சிச்சி. மிச்சம் இருந்த மரவள்ளியையும் மிதிச்சிட்டுப் போச்சி. ஆயுதம் குடுக்கக் குடுக்கச் சண்டை நீளும் லா.” அதுவும் நடந்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பன்றியை ஏன் கேட்க மாட்டேன் என்கிறான்? உள்ளே வந்தது அதுதானே?

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். இப்போது கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அண்ணனின் ஒரே மகள். நீங்கள் போகும்போது உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. இந்த வருஷம் ஐந்தாம் படிவம், பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம். இன்னும் அவளுக்கு ஐசி கிடையாது, எந்த நிறத்திலும் அடையாள அட்டை கிடையாது.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் அப்பா. தோட்டத்துக் கிராணி உங்கள் பிறப்பைப் பதிய மறந்ததால் நீங்கள் சாகும்வரை குடிமகன் அல்லாதவருக்கான சிவப்பு ஐசியோடு அலைந்தீர்கள். இந்த ஊர் மலாய்க்காரர்களே அசந்துபோகும் அளவுக்கு அவர்கள் பேச்சைப் பேசுவீர்கள்; ஆனால் நீங்கள் இந்த நாட்டுக்காரர் என்று காட்டக் காகிதம் இல்லை. அந்தச் சலிப்பில்தானே அண்ணன் கல்யாணத்தைப் பதிய வேண்டாம் என்றீர்கள்? “ஆபீசு படி ஏறி எனக்கு முட்டியே தேஞ்சி போச்சி. மாரியம்மா முன்னாடி தாலி கட்டியாச்சி, போதும் லா.” அண்ணிக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை. கல்யாணம் பதிவில் இல்லாததால், அண்ணன் குடிமகனாக இருந்தும், சட்டம் பிள்ளையைத் தாயோடு சேர்த்துவிட்டது. தாயிடம் ஒன்றுமில்லை, மகளிடமும் ஒன்றுமில்லை. மாரியம்மன் எந்தக் கவுண்டருக்கு வந்து சாட்சி சொல்வாள்?

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி இப்போது உயிரோடு இல்லை. கல்யாணப் படங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. அண்ணன் முதல் முடிச்சைப் போட, பின்னால் நின்று மற்ற இரண்டையும் போட்டது நாத்தனாரான நான். கண்ணால் பார்த்தவள், கையால் கட்டியவள். அண்ணன், அண்ணி, கவிதா, சாட்சிக்கு நான் என்று நால்வரும் சிரம்பானில் பதிவு அலுவலகத்துக்கு ஒன்றாக வரும்படி தேதி கொடுத்திருந்தார்கள். நான் முதல் நாளே தம்பினில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தங்கினேன்.

காலையில் வேனில் கிளம்பினோம். ரெம்பாவ் பக்கம் ஒரு கடையில் பசியாற நிறுத்தினோம். கடை டிவியில் உக்ரைன். போதாதா? ரொட்டி சானாய் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டோம். வேனில் ஏறியும் விடவில்லை.

“ரெண்டும் ஒரே ஆளுங்கதான். பேச்சு ஒன்னு, சாமி ஒன்னு. பேப்பர்ல கோடு போட்டுட்டா தனி நாடாயிருமா?” என்றான் அண்ணன்.

“பேப்பர் பெருசில்லன்னு நீ சொல்றியா? அப்ப இப்ப எங்கண்ணே போறோம்? பேப்பர் இல்லாத ஒம் மவ எந்த நாடு?”

சொன்ன பிறகுதான் கவிதா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைத்தது. அண்ணன் வேனை ஓரம் கட்டினான். “எறங்கு” என்றான். நான் இறங்கிவிட்டேன் அப்பா! கைப்பையை எடுத்துக்கொண்டு, பெரிய மானஸ்தி மாதிரி. கவிதா சன்னலை இறக்கினாள். அழவில்லை. “அத்தை, அந்த ஊரு யாரோடதுன்னு பெறகு பேசிக்கலாம். மொதல்ல நான் யாருன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றாள். வேன் போய்விட்டது.

அவன் திரும்பி வருவான் என்று நான் நின்றேன். நான் போன் செய்வேன் என்று அவன் ஓட்டினான். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். சாட்சி இல்லாமல் மனுவை எடுக்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அண்ணியும் கவிதாவும் அதே உடுப்பில், அதே பைலோடு வீடு திரும்பினார்கள். சுதந்திரத்துக்காக ஒரு தேசம் படும் பாட்டைப் பற்றி வாய் கிழியப் பேசிய நான், ரோட்டோரத்தில் டுரியான் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது அப்பா. பிள்ளையை எடுத்து அவன் மேல் வீசினேனே, எனக்கும் அந்த டிரோன்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

அலுவலகத்தில் அடுத்த தேதி கொடுத்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கிறேன்.

“செவ்வாக்கெழம. ஏழு மணிக்குக் கெளம்பணும். வீட்லயே பசியாறிருவோம்.”

“சரிண்ணே.”

“ரேடியோ போட மாட்டேன்.”

“நானும் பேச மாட்டேன்.”

“பேசு லா. ஆபீசர்கிட்ட மட்டும் நல்லாப் பேசு.” வைத்துவிட்டான்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. உக்ரைன் ஒரு நாடுதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், திரும்பி வரும் வழியில் கட்டாயம் ஆரம்பிப்பேன். ஆனால் போகும் வழியில் அண்ணன் என்ன சொன்னாலும், நடுவழியில் இறக்கியே விட்டாலும், வேனுக்குப் பின்னாலேயே ஓடியாவது சிரம்பான் போய்ச் சேருவேன். அந்தக் கவுண்டரில் இரண்டு கையையும் வைத்துச் சொல்வேன்: இந்தக் கையால்தான் கட்டினேன், இவள் இந்த ஊர்ப் பிள்ளை.

இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் போட்ட,
உங்கள் மகள்,
கவிதாவின் அத்தை,
சரசு