இரங்கும் என்ற சொல்லுக்கு முன்னால்

இன்று அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கறுப்பு வயர் கிடைத்தது. என் கீபோர்டை உன் கம்ப்யூட்டரோடு இணைத்த மிடி வயர். ரப்பர் இளகிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. எறியத்தான் எடுத்தேன், மனம் வரவில்லை. பாசத்தால் அல்ல. உன் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

எண்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டில் உன் அப்பா கடைக்கு மேல்மாடி. நம் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு நீ தலைவி, நான் கீபோர்டு. முதல் நாள் வயரைக் கீபோர்டின் 'அவுட்'டிலிருந்து கம்ப்யூட்டரின் 'இன்'னுக்குப் பதில் 'அவுட்'டுக்கே செருகிவிட்டு, "மெஷின் ஊமை லா" என்று திட்டினாய். மாற்றிச் செருகியதும் நான் வாசிக்க வாசிக்கத் திரையில் இசைக்குறிகள் முளைத்தன. நாம் போட்ட கூச்சலில் உன் அப்பா மேலே ஏறி வந்துவிட்டார்.

பிறகு என் சொந்தப் பாட்டை வாசித்தேன். "ஆண்டவரே" என்று கூப்பிட்டுவிட்டு, "இரங்கும்" என்பதற்கு முன் சற்றுத் தாமதிக்கும் பாட்டு. அந்தத் தாமதத்தையும் கம்ப்யூட்டர் விடாமல் எழுதப்போய், பக்கம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. நீ ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாய். எல்லாக் குறிகளும் தாளத்துக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொண்டன.

"நீ லேட்டா வாசிக்கிறடி. பாரு, கம்ப்யூட்டரே கரெக்ட் பண்ணிடுச்சு."

"லேட் இல்லடி. இரக்கம் கேக்கத் தயங்குறவ குரல் அது. அந்த மூச்சு போனா பாட்டே போச்சு."

"சரி சரி, பாடும்போது பாத்துக்கலாம் லா."

நீ பார்க்கவே இல்லை. அச்செடுத்த காகிதத்தைப் பார்த்தே கையசைத்துக் குழுவைப் பாடவைத்தாய். நகல்கள் தீவின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸ் கோயில் வரை போயின. கெஞ்ச வேண்டிய பாட்டு, ஊர்வலத்தில் நடைபோடும் பாட்டாகிவிட்டது. எத்தனையோ முறை சொன்னேன். "இன்னுமா அதையே பிடிச்சுத் தொங்குற?" என்று சிரித்தாய். உயிர்த்தோழி என்று வாய் நிறையச் சொன்னவள், ஒரு மூச்சுக்கு இடம் கொடுக்கவில்லை.

சென்ற மாதம் உன் அடக்கத் திருப்பலியிலும் அதே பாட்டு, அதே காகிதத்தின்படி. "ஆண்டவரே" வரை எல்லாரோடும் சேர்ந்து பாடினேன். அங்கே நின்று மூச்செடுத்து, அவர்கள் தாண்டிப் போன பிறகு தனியாக "இரங்கும்" என்றேன்.

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க ஆன்ட்டி."

நான் அழவில்லை. என் பாட்டை நான் போட்டபடி பாடினேன்.