மணி டெக்ஸ்டைல்ஸில் பாட்டு ஓடுகிறது

ஜூன் 9, திங்கள்

தருமபுரிக்குச் சரக்கெடுக்கப் போன மனிதர் துணி மூட்டையோடு இரண்டு ஸ்பீக்கரையும் இறக்கினார். ஒவ்வொன்றும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உயரம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பெரிய கடையில எல்லாம் பாட்டு ஓடுது ராஜி. பாட்டு இருந்தாத்தான் சனம் உள்ள வரும்."

பெரிய கடையில் ஓடும். நம் கடையில் குனிந்து நிமிர்ந்தால் முதுகு எதிர் அலமாரியில் இடிக்கும். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கடையை வைத்துக்கொண்டு சத்தத்தைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா? கேட்டேன். ஒயரை உருவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் வீரமணியும் ராஜாமணியாகிய நானும் நடத்துவதால் மணி டெக்ஸ்டைல்ஸ். இரண்டு மணி அடிக்கிற சத்தம் போதவில்லை போலிருக்கிறது.

ஜூன் 12

காதைப் பிய்க்கிறது. கடையில் வேலை பார்க்கும் சந்தியா பாட்டின் வேகத்துக்குச் சேலை மடிக்கிறாள். ஒரு மடிப்பும் நேராக இல்லை. கேட்டால், "கை அதுவா போகுதுக்கா" என்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

சேலத்திலிருந்து மகள் காவியா போன் செய்தாள். வியாபாரம் பற்றித்தான் கல்லூரியில் படிக்கிறாள். ஸ்பீக்கர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் டீச்சர் மாதிரி ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, மெதுவான பாட்டு வெச்சா சனம் மெதுவா நடக்கும், நின்னு நின்னு பாக்கும். வேகமா வெச்சா வேகமா போயிடும். சத்தமா வெச்சா இன்னும் சீக்கிரம் கெளம்பிடும்."

"இதைத் தெரிஞ்சுக்கவா நான் உனக்கு பீஸு கட்டறேன்?" என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மதியம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போனதும், மெதுவான பழைய பாட்டாகப் பார்த்து, காதில் விழுந்தும் விழாததுமாக வைத்தேன். உள்பாவாடை வாங்க வந்த இரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். சேலை காட்டச் சொன்னார்கள். ஒருத்தி தன்னை அறியாமல் கூடவே முனகிக்கொண்டு முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு சேலையோடு போனார்கள்.

அவர் வந்தார். சத்தத்தை ஏற்றினார். அடுத்து வந்தவர்கள் ஜாக்கெட் துணியை வாங்கிப் பையில் போடக்கூட நிற்காமல் ஓடினார்கள்.

ஜூலை 3

இன்று ஒன்று புரிந்தது. சேலை வியாபாரம் கடைக்காரன் வாயில் இல்லை. வந்தவர்களின் குசுகுசுப்பில் இருக்கிறது.

சித்தேரி மலையிலிருந்து வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேனே! சேலையை விரித்ததும் நம்மிடம் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தலைகள் நான்கும் ஒன்றுசேரும். 'கலரு சாயம் போவுமா?', 'உம் மாமியாளுக்குப் புடிக்குமா?', 'வெலையைக் கேளு நீ.' எல்லாம் அடிக்குரலில். அது முடிந்தால்தான் பணப்பை திறக்கும். இந்த இரைச்சலில் யாரால் குசுகுசுக்க முடியும்? கடைக்காரருக்குக் கேட்கும்படி கத்தியா விலை பேசுவார்கள்? "அப்பறமா வர்றோமுங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். எழுந்தவர்கள் தருமபுரி பஸ் ஏறுவதை இங்கிருந்தே பார்க்கிறேன்.

ஜூலை 24

சத்தத்தைக் குறைத்தேன். கூட்டினார். குறைத்தேன். கூட்டினார். சந்தியா டென்னிஸ் பார்ப்பது போல இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல வாய்க்குள் திட்டினேன். உதடு அசையாமல் திட்டுவது என் பிறந்த வீட்டுச் சீதனம். கல்யாணமான புதிதில் ஒரு முனகலைக்கூட விடமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே, "கேட்டுச்சு" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு பயந்திருக்கிறேன்! இப்போதெல்லாம் என்ன திட்டினாலும் திரும்புவதில்லை. வயதாக ஆக மனிதருக்குப் பொறுமை வந்துவிட்டது. அந்த மட்டில் சந்தோஷம்.

ஆடித் தள்ளுபடி போட்டும் கூட்டமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

சித்தேரி சென்னம்மாள் வந்தாள், மகள் கல்யாணத்துக்குத் துணியெடுக்க. மாமியார், நாத்தனார், கல்யாணப் பெண் என்று வீடே இறங்கியிருந்தது. பதினைந்து வருஷமாக நம்மிடம்தான் எடுக்கிறாள். இந்த ஆவணியில் அவள் வியாபாரம் ஒன்று போதும், ஆடியின் நஷ்டத்தை மறந்துவிடலாம் என்று காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் இல்லை.

பெண்ணுக்கு வெங்காயக் கலரில் பட்டு வேண்டுமென்றாள். இவர் வெந்தயக் கலரை எடுத்துப் போட்டார். "வெங்காயக் கலருங்கண்ணா" என்றாள். இன்னொரு வெந்தயக் கலர். மறுபடி சொன்னாள். "இதைவிட நல்ல வெந்தயம் எங்கயும் கெடைக்காது சென்னம்மா!" என்று சிரிக்கிறார் மனிதர். பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் எழுந்து வெங்காயக் கலரைத் தேடி எடுப்பதற்குள் மலைக்குப் போகிற பஸ் புறப்பட்டுப் போய்விட்டது.

பஸ் திரும்பினால் இவர்தான் முதலில் சொல்வார். "சித்தேரி வண்டி திரும்புது, மூட்டையைக் கட்டுங்க!" என்பார். அந்தக் குரலை நம்பித்தான் மலைச் சனம் நம் கடையில் நிம்மதியாக உட்காரும். இன்று குரல் வரவில்லை. ஹார்ன் பாட்டில் அமுங்கிவிட்டது.

வேன் பிடித்துத்தான் போனார்கள். ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. ஏறும்போது சென்னம்மாள் என்னிடம் சொன்னாள்: "அண்ணன் கடைன்னா எங்களுக்கு வூடு மாதிரிங்கக்கா. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்துச்சு. மிச்சத்தை தருமபுரில பாத்துக்கறோம்."

மிச்சமா? எடுத்தால்தானே மிச்சம்.

ஆகஸ்ட் 22

அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. பாட்டு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது, பாழாய்ப் போனது.

ஆகஸ்ட் 23, சனி

இன்று மின்தடை. கம்பிப் பராமரிப்பாம். ஃபேன் இல்லை, பாட்டு இல்லை. இரண்டரை மாதத்தில் முதல்முறையாகக் கடை கடையாக இருந்தது. தெருவில் யாரோ இருமினால்கூடக் கேட்டது.

சித்தேரி பஸ் முக்கில் திரும்பி ஹார்ன் அடித்தது. சந்தியா நிமிர்ந்தாள். நான் நிமிர்ந்தேன். இவர் தெருவுக்கு முதுகைக் காட்டியபடி வேட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் ஆடு குறுக்கே வந்ததென்று இன்னொரு முறை நீளமாக அடித்தார். இவர் வேட்டியின் கரையைச் சரிசெய்தார்.

எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சும்மா பேசுகிற குரலில் சொன்னேன்: "என்னாங்க, கடை பத்திக்கிச்சுங்க."

அடுத்த வேட்டியை எடுத்தார்.

ஐயோ. பொறுமை வந்துருச்சுன்னு நெனச்சேனே! நான் திட்டுனதெல்லாம் பொறுத்துக்கிட்டாருன்னு நெனச்சேனே! பதினைஞ்சு அடி கடைக்குள்ள பகல் பூரா பக்கத்துலயே இருந்துக்கிட்டு எனக்கு இது தெரியலையே. பாட்டு என்ன பண்ணுது, சனம் நிக்குதா ஓடுதான்னு கவனிச்சேன், கட்டுனவரைக் கவனிக்கலையே. நான் என்ன பொம்பளை?

ஆகஸ்ட் 27

இன்னும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? 'உங்களுக்குக் காது கேக்கலையா' என்பதை அவருக்குக் கேட்கிற மாதிரி கேட்டால் தெருவுக்கே கேட்குமே.

அவர் முதுகைப் பார்த்துப் பேசுவது மட்டும் வழக்கமாகிவிட்டது. முன்பு திட்டுவேன். இப்போது வாயில் வேறு என்னென்னவோ வருகிறது. இன்று அவர் அலமாரியில் எக்கி மூட்டையை இழுத்தபோது, "பாத்துய்யா என் தங்கமே" என்றேன். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் 'என்னாங்க'வைத் தவிர வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. யாருக்குக் கேட்கப் போகிறது என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கேட்டுவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எங்கப்பனுக்கு மாதுன்னு ஒரு பேரு இருந்துச்சு ராஜி. எங்கூரு இண்டூர்ல ஒருத்தன் அதைச் சொல்லி கூப்புடல. செவிடன்னுதான். நான் செவிடன் மவன். பள்ளிக்கூடத்துல வாத்தியாரே அப்படித்தான் கூப்புட்டாரு."

"அதுக்கும் ஸ்பீக்கருக்கும் என்னாங்க?"

"பாட்டு ஓடுனா எல்லாரும் கத்தித்தான பேசறாங்க? எல்லாருந்தான ஆங்? ஆங்?ங்கறாங்க? நான் மட்டும் இல்லல்ல."

இதுக்கா! சனம் உள்ளே வருவதற்கு இல்லை. தான் ஒளிந்துகொள்வதற்கு. அந்த இரைச்சலுக்குள் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்; நான் சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் அவர் மேலிருந்த போர்வையை இழுத்திருக்கிறேன்.

அழுதேன். "நீ ஏன் அழுவற? சோத்தைத் தின்னு" என்று அதட்டினார். அவர் கண்ணும் சரியில்லை.

செப்டம்பர் 4

தருமபுரியில் காது டாக்டரிடம் போனோம். இரண்டு காதும் மந்தமாம், மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்குமாம். சோதித்த பெண் மாட்டிவிட்டதும் இவர் திடுக்கிட்டுத் தன் காலைப் பார்த்தார். செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா என்று கேட்டார்.

பஸ் ஏறியதும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் மாட்டமாட்டாராம். சரி என்றேன். ஆனால் ஒன்று மட்டும் சொன்னேன்: "கல்யாணத்துக்கு ஒரு வாரந்தான் இருக்குது. சென்னம்மா நம்ம கடையை வெறுத்துட்டுப் போயிருக்கறா. அது பாட்டால இல்லைன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டதா, கேட்காத மாதிரி இருந்தாரா, தெரியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். வெங்காயக் கலர் பட்டுச் சேலையையும் காணோம்.

செப்டம்பர் 8

காலை பஸ்ஸில் சென்னம்மாளே மறுபடி வீட்டோடு வந்து இறங்கினாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணியெடுக்கத் தருமபுரிக்கு இன்னும் போகவில்லையாம். நேற்று இவர் வெங்காயக் கலர் பட்டோடு மலையேறிப் போய் வாசலில் நின்று, "எனக்குக் காது மந்தம் சென்னம்மா. பழியைப் பாட்டு மேல போட்டுட்டேன்" என்றாராம். சட்டைப் பையிலிருந்து மிஷினை எடுத்துக் காட்டி, அவர்கள் முன்னாலேயே மாட்டிக்கொண்டாராம்.

"நீ என்னா சொன்ன?" என்றேன்.

"வேறென்னாங்கக்கா சொல்றது? இதை மறைக்கறதுக்கா அண்ணா இத்தனை பாட்டு போட்டீங்கன்னு கேட்டேன்."

பாயில் உட்கார்ந்தார்கள். பாட்டை நிறுத்தி வைத்திருந்தேன். இவர் சேலைகளை விரித்தார். தலைகள் ஒன்றுகூடின. குசுகுசு ஆரம்பித்தது. எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. "அண்ணன் ஏத்தித்தான் சொல்லும், எரநூறு கொறைச்சுக் கேளு" என்று மாமியார் சென்னம்மாள் காதில் ஓதினாள்.

அந்தக் கோடியிலிருந்து இவர், "நூறுதான் ஆயா கொறைப்பேன்" என்றார்.

கல்யாணப் பெண் சிரித்தாள் பாருங்கள், கடையே குலுங்கியது. மொத்தத் துணியும் இங்கேதான். பஸ் திரும்பியபோது, "சித்தேரி வண்டி!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினார்.

நூற்றைம்பது குறைக்க வைத்துவிட்டாள் கிழவி.

செப்டம்பர் 19

சம்பளம் வாங்காத வேவுக்காரர் கடையில் இருக்கிறார் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பெண்கள் இப்போது குசுகுசுப்பதற்கு வெளியே போய் நிற்கிறார்கள். பேசிவிட்டு உள்ளே வருகிறார்கள். வந்தால் சரி.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக் கூட்டம். நிற்க இடமில்லை. சந்தியா உற்சாகத்தில் வேகமான பாட்டாகப் போட்டுச் சத்தத்தை ஏற்றிவிட்டாள். இவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "என்னா இது, கடையா, திருவிழாவா? காது வலிக்குது. கொறை" என்று அதட்டினார். ஸ்பீக்கரை வாங்கி இறக்கிய அதே மனிதர்! நானும் சந்தியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெதுவான பாட்டாக, மெதுவாக வைத்தோம்.

கொஞ்சம் கழித்து மேல் தட்டுச் சேலைக்காக ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்டூல் ஆடியது. பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்து எறங்குய்யா, என் தங்கமே" என்று முனகிவிட்டேன்.

திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"கேட்டுச்சு."

கடை நிறையச் சனம். சந்தியா வாயைப் பொத்திக்கொண்டு பில் புத்தகத்துக்குள் குனிந்தாள். நான் போய்ப் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.